பறவைக் காய்ச்சல்: காய்ச்சலைச் சொன்னால் கூலி போகுமா?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம் ஒரு பிராய்லர் பண்ணையில் மேற்பார்வை வேலை பார்க்கிறேன். இரண்டு ஷெட். உள்ளூர்ப் பெண்கள் நான்கு பேர், அசாம் பையன்கள் மூன்று பேர் வேலை செய்கிறார்கள். கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் எல்லையிலுள்ள களியக்காவிளையில் வண்டிகளுக்கு மருந்து அடிக்கிறார்கள். எங்கள் முதலாளி வாசலில் பிளீச்சிங் பவுடர் போடச் சொல்கிறார். கோழியைக் காப்பாற்ற இவ்வளவு செய்கிறோம், ஆட்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மாஸ்க் வாங்கிக் கொடுத்தேன். உள்ளே வெக்கை தாங்காமல் கழற்றிவிடுகிறார்கள். போன மாதம் ஒரு அக்கா காய்ச்சலோடு இரண்டு நாள் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்திருக்கிறார். எனக்குப் பிறகுதான் தெரியும். நோய் வந்து கோழிகளைக் கொல்லச் சொன்னால் எங்கள் ஆட்களையும் அந்த வேலைக்குக் கூப்பிடுவார்களா? ஒரு பெண் நான்கு மாதக் கர்ப்பிணி. அவளை நிறுத்தினால் வீட்டில் அடுப்பு எரியாது. என்ன செய்வது? (பெயர் வேண்டாம்)

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது, அந்த அக்கா காய்ச்சலோடு இரண்டு நாள் வேலைக்கு வந்த செய்தியைத்தான். மற்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்கிறேன். ஆனால் இது சரியாகாமல் மற்றதை எவ்வளவு செய்தாலும் பாதிப் பலன்தான் கிடைக்கும். அவர் ஏன் மறைத்தார்? சொன்னால் வீட்டில் இருக்கச் சொல்வார்கள், இரண்டு நாள் கூலி போகும். விவரம் தெரியாமல் அவர் அப்படிச் செய்யவில்லை, வீட்டுச் செலவைக் கணக்குப் பார்த்துத்தான் செய்திருக்கிறார். அந்தக் கணக்கை மாற்றக்கூடியவர் உங்கள் முதலாளி ஒருவர்தான்.

அதனால் மாஸ்க், கையுறை எல்லாம் வாங்கும் முன் முதலாளியிடம் ஒன்றைப் பேசி முடிவு செய்யுங்கள். காய்ச்சல், இருமல், கண் சிவப்பு என்று யார் சொன்னாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். மருத்துவர் வேலைக்குப் போகலாம் என்று சொல்லும்வரை கூலி குறையாது என்று அவர் தன் வாயால், எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் நம்பமாட்டார்கள், கூலி கொடுப்பவர் சொன்னால்தான் நம்புவார்கள். ஏழு பேர் வேலை செய்யும் இடத்தில் ஒருவருக்குச் சில நாள் கூலி என்பது, ஒரு ஷெட் கோழியின் மதிப்போடு வைத்துப் பார்த்தால் பெரிய தொகை அல்ல. அதை அவரிடம் இப்படியே சொல்லுங்கள். கோழிக்கு நோய் இருப்பது ஆளின் காய்ச்சலால் வெளியே தெரிந்துவிடவும் கூடும். மறைக்கப்பட்ட காய்ச்சல் ஆளுக்கும் ஆபத்து, பண்ணைக்கும் ஆபத்து.

சரி, நோய்க்கு வருவோம். பயப்பட வேண்டிய அளவு எவ்வளவு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பறவைக் காய்ச்சலை உண்டாக்கும் எச்5என்1 வைரஸ் மனிதருக்கு வந்ததாக முதன்முதலில் தெரிந்தது 1997இல் ஹாங்காங்கில். 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தார்கள். 2003க்குப் பிறகு உலகம் முழுவதும் 900க்கும் மேற்பட்டோருக்கு இந்த நோய் உறுதியாகியிருக்கிறது, அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் இறந்திருக்கிறார்கள். இந்தியாவில் பறவைகளிடம் இது 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் முதலில் தெரிந்தது. எச்5என்1 தொற்றால் இந்தியாவில் முதல் மனித உயிரிழப்பு 2021இல், ஹரியானாவைச் சேர்ந்த 11 வயதுச் சிறுவன். இத்தனை வருடங்களில், இத்தனை கோடிக் கோழிகளுக்கு நடுவே, மனிதருக்கு வருவது அபூர்வம். ஆனால் வந்தால் கடுமையாக வரலாம். ஆளிடமிருந்து ஆளுக்குத் தொடர்ந்து பரவும் தன்மை இந்த வைரஸுக்கு இதுவரை வரவில்லை. வெந்த கறியாலும் வெந்த முட்டையாலும் வராது, உள்வரை 70 டிகிரி சூடு ஏறினால் வைரஸ் செத்துவிடும். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறி சாப்பிடுவதில் ஆபத்து இல்லை. ஆபத்து இருப்பது அந்தக் கோழியை உயிரோடு கையாளும் உங்கள் ஆட்களுக்குத்தான்.

கேரளத்தில் 2014இல் ஆலப்புழா, கோட்டயம், பத்தனம்திட்டா மாவட்டங்களில் வளர்த்த தாராக்களுக்கு (வாத்துகளுக்கு) பெரிதாக வந்தது. பிறகும் பல முறை வந்திருக்கிறது. 2023 ஜனவரியில் திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே, அழூர் ஊராட்சியில் உறுதியானது. ஆகவே 'அது அங்கே எங்கேயோ' என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் மாவட்டத்துக்குள்ளும் தேரூர், சுசீந்திரம், மணக்குடிக் காயல் பக்கம் அக்டோபர் முதல் மார்ச் வரை வெளிநாட்டுப் பறவைகள் வந்து தங்குகின்றன. கும்பப்பூ நெல் அறுவடை முடிந்த வயல்களில் தாரா மேய்க்கிறார்கள். தாரா இந்த வைரஸை வைத்துக்கொண்டே ஆரோக்கியமாகத் திரியக்கூடிய பறவை, அதன் எச்சத்தில் வைரஸ் இருக்கும். உங்கள் ஷெட்டைச் சுற்றித் தாராவோ வீட்டுக்கோழியோ மேயவிடாதீர்கள். உங்கள் ஆட்களின் வீடுகளில் கோழி, தாரா உண்டா என்றும் கேட்டு வையுங்கள். உண்டென்றால், அவற்றைப் பார்த்த உடையோடு பண்ணைக்கு வரக்கூடாது, பண்ணை உடையோடு அவற்றிடம் போகவும் கூடாது.

வாசலில் போடும் பிளீச்சிங் பவுடர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காய்ந்த தூளைக் கோலம் போடுவதுபோல் தூவுவதால் பெரிய பலன் இல்லை. தண்ணீரில் கரைத்த கரைசலில் பூட்ஸ் நனைய வேண்டும். அதற்கு முன் பூட்ஸில் ஒட்டிய எச்சத்தையும் கூளத்தையும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவியிருக்க வேண்டும், ஏனென்றால் அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். வெயிலில் வைத்த கரைசல் சீக்கிரம் வீரியம் இழக்கும், தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். கலக்கும் ஆள் திறந்த வெளியில் நின்று, கண்ணாடியும் கையுறையும் போட்டுக் கலக்கட்டும். கக்கூஸ் கழுவும் ஆசிடோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது. அப்படிச் சேர்த்தால் வரும் வாயு பறவைக் காய்ச்சலுக்கு முன்பே ஆளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடும்.

இனி ஆளின் உடம்பு. எல்லோரும் மூக்கையும் வாயையும் மூடுவதைப் பற்றியே பேசுகிறோம், கண்ணை மறந்துவிடுகிறோம். பறவை வைரஸ் ஒட்டிக்கொள்வதற்கு ஏற்ற இடங்கள் மனித உடம்பில் நுரையீரலின் ஆழத்தில் இருக்கின்றன, கண்ணின் மேற்பரப்பிலும் இருக்கின்றன. 2003இல் நெதர்லாந்துக் கோழிப்பண்ணைகளில் எச்7என்7 என்ற வகை பரவியபோது 89 பேருக்குத் தொற்று உறுதியானது. பெரும்பாலோருக்கு வந்தது கண் நோய்தான், ஆனால் ஒரு கால்நடை மருத்துவர் நிமோனியாவில் இறந்தார். அமெரிக்காவில் 2024 முதல் மாட்டுப்பண்ணைகளிலும் கோழிப்பண்ணைகளிலும் எச்5என்1 பரவியபோது 70 பேரளவில் தொற்று உறுதியானது. பெரும்பாலோர் பண்ணைத் தொழிலாளர்கள், அவர்களிடமும் அதிகம் தெரிந்த அறிகுறி கண் சிவப்பு. நம் ஊரில் கண் சிவந்தால் 'மெட்ராஸ் ஐ' என்று சொல்லிச் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். கோழிப்பண்ணை ஆளுக்கு, அதுவும் கோழிகள் சாகும் காலத்தில், கண் சிவந்தால் அதைக் காய்ச்சலுக்குச் சமமாக நினைக்க வேண்டும். வியர்வையைத் துடைக்கக் கை தானாகக் கண்ணுக்குப் போகும், அதைத் தடுப்பது கஷ்டம். அதனால்தான் பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி தேவை. பார்வைக்குப் போடும் கண்ணாடி போதாது. கண்ணாடி ஆவி படிந்து மங்குகிறது என்பார்கள். உட்புறத்தில் சோப்புத் தண்ணீரை மெல்லத் தடவிக் காய்ந்தபின் துடைத்துப் போட்டால் மங்குவது குறையும்.

மாஸ்க்கைக் கழற்றிவிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் மேல் தப்பில்லை. 2024 ஜூலையில் அமெரிக்காவின் கொலராடோவில் நோய் வந்த பண்ணையில் கோழிகளைக் கொன்ற ஆட்களுக்குத் தொற்று வந்தது. விசாரித்தபோது தெரிந்தது, ஷெட்டுக்குள் 40 டிகிரிக்கு மேல் வெப்பம், பெரிய மின்விசிறிகள் ஓடி இறகையும் தூசியையும் முகத்தில் அடித்தன, மாஸ்க்கும் கண்ணாடியும் முகத்தில் நிற்கவில்லை. அவர்களிடம் கவசம் இருந்தது, ஆனால் அந்தச் சூட்டில் அதைப் போட்டிருக்க முடியவில்லை. நம் மாவட்டத்தில் வெயிலோடு புழுக்கமும் சேர்ந்திருக்கும், வியர்வை காயாது. எட்டு மணி நேரமும் போடு என்றால் ஒரு மணி நேரம்கூடப் போடமாட்டார்கள்.

அதனால் நான் சொல்வது, வேலையைப் பிரியுங்கள். பண்ணையில் எந்த வேலை தூசி கிளப்புகிறது? கூளம் கிளறுவது, கூளம் அள்ளி மூட்டை கட்டுவது, கோழி பிடித்து வண்டியில் ஏற்றுவது, செத்த கோழி எடுப்பது, காலியான ஷெட்டைக் கழுவுவது. இந்த வேலைகளுக்கு என்-95 மாஸ்க், மூடிய கண்ணாடி, கையுறை கட்டாயம். தீவனம் வைப்பது, தண்ணீர்க் குழாய் பார்ப்பது போன்றவற்றுக்கு, சுற்றுவட்டாரத்தில் நோய் இல்லாத சாதாரண நாளில், அவ்வளவு வேண்டாம். தூசி வேலைகளைக் காலை ஒன்பது மணிக்குள்ளும் மாலை நான்கரைக்குப் பிறகும் வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் உள்ளே, பிறகு நிழலில் வந்து எல்லாவற்றையும் கழற்றிக் கை கழுவிவிட்டு உட்காரட்டும். உப்புப் போட்ட கஞ்சித்தண்ணியோ மோரோ குடிக்கட்டும். அந்த நேரத்துக்கும் கூலி உண்டு. கூளத்தைக் கிளறும் முன் லேசாகத் தண்ணீர் தெளித்தால் பாதித் தூசி எழும்பாது. காய்ந்த துடைப்பத்தால் பெருக்குவதையும், காற்றடிக்கும் மெஷினால் ஊதுவதையும் நிறுத்துங்கள். செத்த கோழி எடுக்கும்போது விசிறியை அணைத்துவிட்டு, பக்கவாட்டுப் படுதாவைத் திறந்து, காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டி நின்று எடுக்கட்டும்.

என்-95 மாஸ்க்கில் இரண்டு பட்டை இருக்கும், ஒன்று தலைக்கு மேல், ஒன்று கழுத்துக்குப் பின்னால். இரண்டையும் போட்டால்தான் பலன். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகும், அந்த வேலை செய்யும் பையன்கள் மழித்துக்கொள்வது நல்லது. துணி மாஸ்க், துண்டு, சேலைத் தலைப்பு எல்லாம் இந்த வைரஸுக்குப் போதாது.

உடை விஷயத்தில் நம் பெண்களிடம் ஏற்கெனவே ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. நைட்டிக்கு மேல் ஒரு பழைய முழுக்கைச் சட்டை போட்டுத்தானே வேலை செய்கிறார்கள். அந்தச் சட்டையும் நைட்டியும் செருப்பும் பண்ணையிலேயே இருக்க வேண்டும், வீட்டுக்குப் போகக் கூடாது என்பது மட்டும்தான் புதிய விதி. அதற்குப் பெண்களுக்குக் கதவு பூட்டும் குளியலறை வேண்டும், தண்ணீர் வேண்டும், சோப்பு வேண்டும். நான் பார்த்த பண்ணைகள் பலவற்றில் கோழிக்குச் சொட்டுக் குழாய் உண்டு, பெண்களுக்குக் குளிக்க மறைவிடம் இல்லை. இது மனசைக் கஷ்டப்படுத்தும் விஷயம். வேலை முடிந்து குளிக்க வழி இல்லை என்றால் அந்த வைரஸ் பஸ் ஏறி அவர்கள் குழந்தைகளிடம் போகும். பண்ணை உடையைப் பண்ணையிலேயே சோப்புத்தூளில் ஊறவைத்து அலசி வெயிலில் காயப்போடுங்கள்.

கழற்றும்போதுதான் நிறையப் பேருக்கு வைரஸ் கையில் ஒட்டுகிறது. வரிசை இதுதான்: பூட்ஸை அப்படியே போட்டபடி கழுவி, மேலாடையை உட்புறம் வெளியே வருமாறு சுருட்டிக் கழற்றி, பிறகு கையுறை, உடனே சோப்புப் போட்டுக் கை கழுவல், அதன்பின் கண்ணாடி, கடைசியாக மாஸ்க், மறுபடி கை கழுவல், குளியல். மாஸ்க்கை முன்பக்கம் தொடாமல் பட்டையைப் பிடித்துக் கழற்ற வேண்டும். இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஒரு நாள் எல்லோரையும் நிற்கவைத்து நீங்கள் செய்து காட்டுங்கள், பிறகு அவர்கள் உங்களுக்குச் செய்து காட்டட்டும். அசாம் பையன்களுக்குத் தமிழ் எவ்வளவு புரியும் என்று தெரியாது, தலையாட்டுவதைப் புரிந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்களில் தமிழ் நன்றாக வரும் ஒருவனைக் கொண்டு அவர்கள் மொழியில் போனில் பேசிப் பதிவு செய்து, அதை எல்லோரும் வைத்துக்கொள்ளட்டும். அவர்கள் படுக்கும் அறை ஷெட்டை ஒட்டி இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். சமைக்கும் இடம் தூசி வராத பக்கம் இருக்க வேண்டும். நோய்வாய்ப்பட்ட கோழியைப் 'பையன்கள் சமைச்சுக்கட்டும்' என்று கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. சமைத்தது ஆபத்தில்லை, ஆனால் அதை அறுத்து, இறகு பிடுங்கி, குடல் எடுப்பது மிகவும் ஆபத்து. உங்கள் பண்ணையில் அது ஒருநாளும் நடக்கக் கூடாது.

இரவில் வண்டியோடு வந்து கோழி பிடித்துப் போகும் ஆட்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரே இரவில் பல பண்ணைக்குப் போகிறார்கள். ஒவ்வொரு கோழியும் அவர்கள் முகத்துக்கு நேரே சிறகடிக்கிறது. கூளத்தை மூட்டை கட்டி வாழைத் தோட்டத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் ஏற்றிப் போகும் சுமைதூக்குபவர்களும் அப்படித்தான். அவர்களுக்கு உங்கள் வாசலில் பூட்ஸ், மாஸ்க், சோப்பு, தண்ணீர் வைத்திருங்கள். உங்கள் ஆட்கள் அல்ல என்று விட்டுவிட்டால் உங்கள் ஷெட்டுக்கும் அதே கால்கள்தான் வரும்.

நோய் வந்ததற்கான அடையாளம் என்ன? ஒரே நாளில் வழக்கத்தை மீறிய சாவு, தீவனமும் தண்ணீரும் சட்டென்று குறைவது, தலை வீங்குவது, கொண்டை நீலம் பாரிப்பது, மூச்சுத் திணறல், பச்சையாகக் கழிவது. ராணிக்கெட் எனும் வெள்ளைக் கழிச்சல் நோயிலும் இப்படி இருக்கும், பார்த்துச் சொல்லிவிட முடியாது. அதனால் 'வெள்ளைக் கழிச்சல்தான், மருந்து கொடுத்தால் சரியாகும்' என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். செத்த கோழியை அறுத்துப் பார்க்க வேண்டாம். மலிவு விலைக்கு விற்க வேண்டாம், ஆற்றிலோ கால்வாயிலோ எறிய வேண்டாம், நாய் பூனை இழுத்துப் போக விட வேண்டாம். ஷெட்டை மூடிவிட்டுப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், கால்நடை உதவி எண் 1962க்கும் கூப்பிடலாம். மாதிரிகள் போபாலில் உள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகத்துக்குப் போகும். முடிவு வரும்வரை ஷெட்டுக்குள் போகிற ஆட்களை இரண்டு பேராகக் குறைத்து, அவர்கள் பெயரையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். அந்தப் பட்டியல் பிறகு அவர்கள் உயிருக்கு உதவும்.

உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவு நோய்ப் பகுதியாக அறிவிக்கப்படும், அங்கே உள்ள பறவைகள் கொல்லப்படும். பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணிப்பு இருக்கும். கொல்வது கால்நடைத் துறையின் விரைவுச் செயல் குழுவின் வேலை. உங்கள் ஆட்களைப் பிடிக்கவும் குழி வெட்டவும் கூப்பிடலாம். கூப்பிட்டால் நீங்கள் ஒன்றில் உறுதியாக நில்லுங்கள்: அந்தக் குழுவுக்கு என்னென்ன கவசமோ அதே கவசம், அதே மருத்துவப் பரிசோதனை, மருத்துவர் முடிவு செய்யும் அதே தடுப்பு மாத்திரை உங்கள் ஆட்களுக்கும் கிடைக்க வேண்டும். கிடைக்கும்வரை ஒருவரும் உள்ளே போக வேண்டாம். விருப்பமில்லாதவரை அனுப்பக் கூடாது. கர்ப்பிணிகள், ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், வயதானவர்கள் அந்த வேலையில் இருக்கவே கூடாது.

அரசு இழப்பீடு தருவது கொல்லப்பட்ட பறவைக்கும், அழிக்கப்பட்ட முட்டைக்கும் தீவனத்துக்கும். சொல்வதற்கு முன் செத்தவற்றுக்கு இல்லை, அதனால் சீக்கிரம் சொல்வதில் முதலாளிக்கே லாபம் இருக்கிறது. ஆனால் ஷெட் காலியாகி வேலை நின்றுபோகும் உங்கள் ஏழு பேரின் கூலி அந்த இழப்பீட்டில் இல்லை. இது பெரிய குறை என்று நான் நினைக்கிறேன். சரி செய்யப்பட வேண்டும் என்று எங்கே வாய்ப்புக் கிடைத்தாலும் சொல்லியும் வருகிறேன். அதுவரை, கழுவிச் சுத்தம் செய்யும் நாட்களுக்கும் கண்காணிப்பு நாட்களுக்குமாவது கூலி உண்டு என்று முதலாளியிடம் இப்போதே பேசி வையுங்கள். நோய் வந்த அன்றைக்குப் பேசினால் அவரும் பதற்றத்தில் இருப்பார்.

கடைசியாக நோய்க் கோழியைத் தொட்ட நாளிலிருந்து பத்து நாள் ஒவ்வொருவரையும் கவனிக்க வேண்டும். காலையும் மாலையும் தெர்மாமீட்டர். காய்ச்சல், தொண்டை வலி, இருமல், கண் சிவப்பு, உடம்பு வலி, வயிற்றுப்போக்கு, மூச்சு வாங்குதல், எது வந்தாலும் அன்றைக்கே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போக வேண்டும். 104க்கு அழைத்துக் கேட்கலாம், மூச்சுத் திணறினால் 108. போனதும் முதல் வார்த்தையாக, 'நான் கோழிப் பண்ணையில் வேலை செய்கிறேன், அங்கே கோழிகள் செத்திருக்கின்றன' என்று சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் நம் மாவட்டத்தில் காய்ச்சல் என்று வந்தால் மருத்துவர் டெங்குவையும் எலிக்காய்ச்சலையும்தான் முதலில் நினைப்பார், தொழிலைச் சொன்னால்தான் தொண்டையிலும் மூக்கிலும், தேவையென்றால் கண்ணிலும் மாதிரி எடுப்பார். ஓசெல்டாமிவிர் என்ற ஃப்ளூ வைரஸ் எதிர்ப்பு மருந்து இருக்கிறது. அறிகுறி தெரிந்து 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். உங்கள் அக்கா மாத்திரை போட்டுக்கொண்டு வேலை பார்த்த அந்த இரண்டு நாள் சரியாக அந்த 48 மணி நேரம்தான். போன மாதம் அவருக்கு வந்தது சாதாரணக் காய்ச்சலாகத்தான் இருந்திருக்கும், இப்போது நலமாக இருந்தால் கவலை வேண்டாம். மருந்தை மெடிக்கலில் நீங்களாக வாங்கி எல்லோருக்கும் கொடுக்காதீர்கள், அளவும் நாளும் மருத்துவர் சொல்ல வேண்டும்.

அறிகுறியே இல்லாமலும் தொற்று வரலாம். அமெரிக்காவில் நோய் வந்த மாட்டுப்பண்ணைகளில் வேலை செய்த 115 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 8 பேருக்குத் தொற்று வந்துபோன தடயம் இருந்தது. அவர்களில் பாதிப்பேருக்கு உடம்பு சரியில்லாமல் போன நினைவே இல்லை. அதனால்தான் 'எனக்கு ஒன்றும் இல்லை' என்பவரையும் பத்து நாள் பட்டியலில் வைக்கச் சொல்கிறேன். சாதாரண ஃப்ளூ தடுப்பூசி பறவைக் காய்ச்சலைத் தடுக்காது. ஆனால் இரண்டு வைரஸும் ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் சேர்ந்து புது வகை உருவாகும் வாய்ப்பைக் குறைக்கும். உங்கள் ஏழு பேருக்கும் வருடத்துக்கு ஒருமுறை போட்டுவிட முதலாளியைக் கேளுங்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது, பலருக்கு இது தெரியாது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில் நோய்களின் பட்டியல் இருந்தது. அதில் முதல் வரிசையிலேயே, விலங்குகளையும் அவற்றின் உடல்களையும் கையாளும் வேலையால் வரும் தொற்றுநோய் இருந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பட்டியல் தொடர்கிறது. வேலையால் வந்த நோய் என்று நிறுவ ஆதாரம் வேண்டும். அசாம் பையன்கள் உட்பட ஏழு பேர் பெயரும் தினசரி வருகைப் பதிவேட்டில் இருக்கட்டும். ஷெட்டுக்குள் போனவர்களின் பட்டியலைப் பத்திரப்படுத்துங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் நோயாளியின் தொழிலை 'கோழிப்பண்ணைத் தொழிலாளி' என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

கர்ப்பிணிப் பெண்ணை நிறுத்த வேண்டாம், ஷெட்டை விட்டு வெளியே எடுங்கள். கர்ப்ப காலத்தில் எந்த ஃப்ளூவும் கடுமையாகலாம், பறவைக் காய்ச்சலில் அந்தப் பயம் இன்னும் அதிகம். பண்ணை உடை துவைப்பதையும் அவளிடம் கொடுக்காதீர்கள், அதிலும் வைரஸ் இருக்கலாம். தீவன மூட்டைக் கணக்கு, வாசலில் வண்டிப் பதிவேடு, மாஸ்க் கையுறை இருப்புக் கணக்கு, ஆட்களுக்குக் காலை மாலை காய்ச்சல் பார்த்து எழுதுவது என்று ஷெட்டிலிருந்து தள்ளி உட்கார்ந்து செய்யும் வேலை உங்கள் பண்ணையில் தேவைப்படுகிறது, இதுவரை அதைச் செய்ய ஆள் இல்லை. அதே கூலிக்கு அவள் செய்யட்டும். காய்ச்சலோ கண் சிவப்போ சொல்பவரின் பக்கத்தில் போய்ப் பார்க்காமல் உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். கர்ப்பிணிக்கான ஃப்ளூ தடுப்பூசி பற்றி அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது அவளுடைய மருத்துவரிடம் கேட்கட்டும். அவளுக்கே காய்ச்சல் வந்தால் ஒரு இரவுகூடக் காத்திருக்க வேண்டாம். மருத்துவர் ஓசெல்டாமிவிர் எழுதினால் குழந்தைக்கு ஆகாதோ என்று பயந்து நிறுத்த வேண்டாம், கர்ப்பிணிகளுக்கும் அது கொடுக்கப்படுகிற மருந்துதான்.